அடுக்களையில் நின்றவர் நம்ம மாப்பிள்ளை

ஏளா, நேத்து சாயங்காலம் நீ போன்ல அழுததுக்குக் காரணம் உன் புருஷன் இல்ல, நான். இதை முதல் வரியிலேயே சொல்லிருதேன். மழை பெஞ்சுதா, தண்ணி வருதா, உடம்பு எப்படி இருக்குன்னு நாலு வரி எழுதி, கடைசியில ஒரு ஓரத்துல இதைச் சொருகிரலாம்னுதான் காலையில எந்திரிச்சதும் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். துறைமுகத்துல ஏற்றுமதி இறக்குமதி கிளியரிங் ஆபீஸ்ல காலம் பூரா குப்பை கொட்டினவனுக்கு, சரக்கு சேதமாயிருந்தா அதை எந்தப் பக்கத்துல, எவ்வளவு சின்ன எழுத்துல எழுதணும்னு நல்லாத் தெரியும். அந்தப் புத்தியை உன்கிட்டயும் காட்டினா நான் மனுஷனே இல்ல. போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. போன்ல சொன்னா பாதியில நீ 'விடுங்கப்பா'ன்னு சொல்லிருவே. நானும் சந்தோஷமா விட்டுருவேன். அதுக்குப் பயந்துதான் எழுதுதேன்.

நீ என்ன சொன்னே? "தலை தீபாவளிக்கு அவன் வரமாட்டேங்கான்பா. காரணம் கேட்டா வேலை இருக்குங்கான். எங்க அப்பா உனக்கு என்ன குறை வச்சாரு, உனக்கு அவ்வளவு திமிரான்னு கேட்டுட்டேன். வாயே திறக்கல. நான் மட்டும் வாரேன், அவன் அங்கனயே கிடக்கட்டும்"னு சொன்னே. இங்க நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கேன். அப்பவாவது சொல்லியிருக்கணுமா இல்லையா? "தீபாவளி நேரத்துல ஓட்டல்ல கூட்டமா இருக்கும் தாயி, வேலை இருக்கத்தான் செய்யும்"னு சொன்னேன் நான். பொய்யில கூட அவருக்குப் பரிஞ்சு பேசுற பெரிய மனுஷன் வேஷம். போனை வச்ச பிறகு எனக்கே என் மூஞ்சியில காறித் துப்பணும் போல இருந்துச்சு.

நடந்தது உனக்குத் தெரியாது. தலை ஆடிக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வந்திருந்தப்போ, நீயும் அம்மாவும் திருச்செந்தூருக்குப் போனீங்களே, அன்னைக்கு நடந்தது. ஆனா அதுக்கு முன்னால இருந்தே என் மனசுல ஒரு அழுக்கு இருந்துச்சு. அதையும் சொன்னாத்தான் நான் ஏன் அப்படிப் பண்ணினேன்னு உனக்குப் புரியும். புரிஞ்சா நீ மன்னிக்கணும்னு அர்த்தம் இல்ல.

நீ அவரைத்தான் கட்டிக்கிடுவேன்னு வந்து நின்னப்போ, நான் சாதி பேசல, ஜாதகம் கேக்கல. ஊர்ல எல்லாரும் என்னை மெச்சினாங்க. கொற்கையில நம்ம வயலைப் பாத்துக்கிடுத சித்தப்பா கூட, "அண்ணன் காலத்துக்கு ஏத்த ஆளு"ன்னு சொன்னான். நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா மனசுக்குள்ள உறுத்தினது வேற. பையன் என்ன வேலைன்னு கேட்டா சமையல்னு சொல்லணுமே, அதுதான். நீ 'செஃப்'னு சொன்னே. சென்னையில இத்தாலிச் சாப்பாடு போடுத பெரிய இடம், அதுல அவர்தான் தலைமைன்னு சொன்னே. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் ஞாபகம் வந்தது யாரு தெரியுமா? நம்ம வீட்டு விசேஷங்களுக்கு வருவாரே தவசிப்பிள்ளை, அவருதான். சைவச் சாப்பாடு நூறு பேருக்கு, இருநூறு பேருக்குன்னு கைமணமா ஆக்கிப் போடுவார். புறவாசல் வழியா வருவார். பந்தியெல்லாம் முடிஞ்ச பிறகு சட்டி பானைக்கு நடுவுல நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுக்கிடுவார். அவர் சொதியைப் புகழாத வாய் கிடையாது, ஆனா அவரை முன்வாசல் நாற்காலியில உக்காருன்னு சொன்ன வாயும் கிடையாது. அந்த எண்ணத்துல வளந்தவன் நான். கல்யாணப் பத்திரிகையில என்ன போட்டேன்? 'ஓட்டல் நிர்வாகம், சென்னை.' அவர் பாத்தார். ஒண்ணும் சொல்லல. நீதான், "என்னப்பா இது, நிர்வாகமா?"ன்னு சிரிச்சே. அச்சாபீஸ்காரன் போட்டுட்டான்னு சொன்னேன். அச்சாபீஸ்காரன் மேல பழி.

மறுவீட்டு அன்னைக்கு நடந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்குச் சொதி விருந்து. முதல் இலையில அவரை உக்கார வச்சு நானே சொதியை ஊத்தினேன். எங்க மாமனார் எனக்கு ஊத்தினார், அவர் மாமனார் அவருக்கு ஊத்தினார், அப்படி வருத மரியாதை. ரெண்டு வாய் சாப்பிட்டார். என்னை நிமிந்து பாத்தார். "மாமா, கெட்டித் தேங்காப்பாலை எப்ப ஊத்துவாங்க?"ன்னு கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வென்னி வைக்கக்கூடத் தெரியாத மடையன் நான். சாப்பிட்டு எந்திரிச்சதும் நேரா புறவாசலுக்குப் போயிட்டார். தவசிப்பிள்ளை பக்கத்துல கவுத்துப் போட்ட அண்டா மேல உக்காந்து, கெட்டிப்பால் ஊத்தின பிறகு கொதிக்க விடலாமா கூடாதா, இஞ்சிச் சாறு முன்னாலயா பின்னாலயான்னு ஒரு மணி நேரம் பேச்சு. பட்டு வேட்டி பூரா புகை. உன் அத்தைமாரெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. "மாப்பிள்ளைக்கு அடுப்புப் பக்கம்தான் ஒட்டுது போல"ன்னு ஒருத்தி சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் போய், "உள்ள வாங்க மாப்பிள்ள, போட்டோ எடுக்கணும்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். போட்டோக்காரன் அதுக்கு முன்னாலயே கிளம்பிப் போயிருந்தான்.

சரி, ஆடி விஷயத்துக்கு வாரேன். அன்னைக்குக் காலையில உங்களைத் திருச்செந்தூர் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு வந்தா, மாப்பிள்ளை அடுக்களையில நிக்கார். சென்னையிலேருந்து தூக்க மாட்டாம ஒரு பை கொண்டு வந்திருந்தாரே, என்ன கல்லான்னு நீ கேலி பண்ணினியே, அதைத் திறந்து பரப்பி வச்சிருந்தார். "மாமா, அவங்க வாரதுக்குள்ள இத்தாலிச் சாப்பாடு நம்ம வீட்டுலயே பண்ணி வைக்கப் போறேன். அத்தைக்கு இன்னைக்கு அடுப்புக்கு லீவு"ன்னு சொன்னார். மாப்பிள்ளை வந்த இடத்துல கரண்டி பிடிக்கிறதாவது! வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்காதேன்னு நாற்காலியைப் போட்டு அடுக்களை வாசல்ல உக்காந்தேன். யாரும் வந்துரக் கூடாதேன்னு தெருவுல ஒரு கண்ணு, உள்ள ஒரு கண்ணு.

உள்ள பாத்த கண்ணு கொஞ்சம் கொஞ்சமா உள்ளயே நின்னுட்டு. அதை மறைக்கக் கூடாது. நம்ம கிணத்தடியில திருநீத்துப் பச்சை காடா மண்டிக் கிடக்கே, விதையைச் சர்பத்துல போடுவோமே, அந்தச் செடி. அதை ஒரு கை பறிச்சுட்டு வந்து என் மூக்குகிட்ட நீட்டினார். "மாமா, இத்தாலியில இதை வச்சுத்தான் பெஸ்டோன்னு ஒரு துவையல். சென்னையில நான் இதைக் காசு குடுத்து வாங்குதேன், நீங்க மிதிச்சுக்கிட்டு நடக்கீங்க"ன்னு சிரிச்சார். மிக்ஸி வேண்டாம், சூட்டுல இலை கறுத்துப் போகும்னு அம்மியைக் கழுவினார். பூண்டையும் கல்லுப்பையும் முதல்ல வச்சு நச்சினார், அப்புறம் இலை, அப்புறம் முந்திரிப்பருப்பு. அங்க வேற ஒரு பருப்பு போடுவாங்களாம், தூத்துக்குடியில நிக்கும்போது முந்திரியை விட்டுட்டு அதுக்கு ஏன் அலையணும்னு சொன்னார். மைதாவைத் தண்ணி மட்டும் விட்டுப் பிசைஞ்சு, ஈரத்துணி போட்டு மூடி வச்சு, துளித் துளியா கிள்ளி, உள்ளங்கையில வச்சு உருட்டி உருட்டிப் போட்டார். உங்க அம்மா கார்த்திகைக்குத் திரி உருட்டுவாளே, அதே கைதான். அந்த முறுக்கின மாவை உருளைக்கிழங்கோடயும் பீன்ஸோடயும் ஒரே தண்ணியில வேக வச்சு, அந்தப் பச்சைத் துவையலைப் போட்டுப் பிரட்டணுமாம். முட்டை கிடையாது, ஒண்ணும் கிடையாது.

ஒரு சீஸ் கட்டியை எடுத்து என் கையில குடுத்தார். "மாமா, அசல் இத்தாலிச் சீஸை நம்ம வீட்டுக்குள்ள கொண்டு வர முடியாது. கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்குத ஒரு சாமானைப் போட்டுத்தான் அதுக்குப் பாலை உறைய வைப்பாங்க. இது செடிச்சத்துல உறைய வச்சது. நம்ம வீடு சைவம்னு தேடிப் பிடிச்சு வாங்கினேன்"ன்னு சொன்னார். நம்ம வீடு. கவனிச்சியா தாயி, உங்க வீடுன்னு சொல்லல. கடைசியில ஒரு இனிப்பு, பாலாடையைக் காய்ச்சி உறைய வைக்கிறது. அதுக்கு எலும்புல எடுக்குத ஜெலட்டின் போடுவாங்களாம். அதுவும் ஆகாதுன்னு நம்ம கடலோரத்துக் கடல்பாசியை ஊற வச்சிருந்தார். சாராயம் விட வேண்டிய இடத்துல எலுமிச்சம்பழம். அவர் வீட்டுல கறி மீன் எல்லாம் சாப்பிடுதவங்க. நம்ம வீட்டு அடுப்புக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு அவ்வளவு பாத்துப் பாத்து வந்திருக்கார். எனக்கு அப்ப அதெல்லாம் மண்டையில ஏறல. கன்னுக்குட்டி, எலும்புன்னு சத்தமா சொல்லுதாரே, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுறப் போகுதேன்னு ஜன்னலைச் சாத்தினேன்.

அரிசி போட்டார். ரிசோட்டோவாம். வெண்ணெயில வெங்காயத்தை வதக்கி, அரிசியைப் போட்டு வறுத்து, காய்கறி வேக வச்ச தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் கரண்டி கரண்டியா விட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கணும். விட்டுட்டு நகரக் கூடாது. "இப்படி நின்னு கிண்டுறதுதான் மாமா இதுல வேலையே. நம்ம சொதி மாதிரிதான், கடைசியில அடுப்பை அணைச்சுட்டுத்தான் வெண்ணெய்யும் சீஸும். கொதிச்சா கெட்டுது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். வாசல்ல கார் சத்தம். எட்டிப் பாத்தா அண்ணாச்சி.

எங்க ஆபீஸ் முதலாளி அண்ணாச்சியை உனக்கு நல்லாத் தெரியும். இங்க தூத்துக்குடி பக்கத்துப் புதுக்கோட்டையில வீடு கட்டிப் போனவர். உன் கல்யாணத்துக்கு முன்னால, "உங்க ஆளுகள்லயே பேங்க்ல இருக்க ஒரு நல்ல பையன் இருக்கான் வே, பேசட்டுமா?"ன்னு கேட்டவர். "வேண்டாம் அண்ணாச்சி, என் மக பெரிய ஓட்டல் கம்பெனி அதிகாரியைப் பாத்துட்டா"ன்னு அவர்கிட்டதான் நான் பீத்தியிருந்தேன். கல்யாணச் சமயம் அவர் ஆஸ்பத்திரியில கிடந்ததால வர முடியல. இப்ப உடம்பு தேறி, விசாரிச்சுட்டுப் போகலாம்னு சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டுச் சொல்லாம கொள்ளாம வந்து இறங்குதார்.

உள்ள வந்து உக்காந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன வே, மணம் தூக்குது? நெய்யா, வெண்ணெயா?" அவர் வீட்டு அம்மா அடுக்களைப் பக்கம் எட்டிப் பாத்தாங்க. தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, முன்னால ஒரு துணியைக் கட்டிக்கிட்டு, வேர்த்து ஒழுக மாப்பிள்ளை கிண்டிக்கிட்டு நிக்கார். "அது யாரு?"ன்னு கேட்டாங்க. நல்லா இருக்குத மனுஷன் என்ன சொல்லணும்? என் மாப்பிள்ளை, எங்களுக்காகச் சமைக்கார்னு சொல்லணும். நாக்கு அதைச் சொல்லல தாயி. "தவசிப்பிள்ளை. மெட்ராஸ்லேருந்து வரவழைச்சிருக்கேன்"ன்னு சொன்னேன்.

கரண்டிச் சத்தம் நின்னுது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் திரும்பக் கிண்ட ஆரம்பிச்சார்.

அதோட விட்டிருந்தா அது ஒரு பொய். "மகளும் மாப்பிள்ளையும் எங்க?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. நீயும் உங்க அம்மாவும்தானே போயிருந்தீங்க? "எல்லாரும் திருச்செந்தூர் போயிருக்காங்க. மாப்பிள்ளைதான் கார் ஓட்டிக்கிட்டுப் போனார்"ன்னு சொன்னேன். கார்! நம்ம மாப்பிள்ளைகிட்ட ஏது காரு? அவர் பத்தடி தள்ளி நிக்கார். அவரை வீட்டுலயே இல்லைன்னு சொல்லுதேன். சொன்ன வாய் அழுகலையே இன்னும்.

மணத்தைப் புகழ்ந்துக்கிட்டே இருந்த மனுஷனைச் சாப்பிடச் சொல்லாம எப்படி அனுப்புறது? இலையைப் போட்டேன். மாப்பிள்ளை பரிமாறினார். கையில தட்டை ஏந்திக்கிட்டு, ஒவ்வொண்ணா. ரிசோட்டோவை ஒரு வாய் வச்சதும் அண்ணாச்சி கண்ணை மூடிட்டார். "ஏலே, இங்கன வா. நீ எந்த ஊரு?" "கோவில்பட்டிப் பக்கம் ஐயா." "மெட்ராஸ்காரன்னுல்லா சொன்னாரு? சரி, பேரு என்னலே?" பத்திரிகை அவர் வீட்டுக்குப் போயிருக்கு, அதுல பேரு கொட்டை எழுத்துல இருக்கு. மாப்பிள்ளை என்னைப் பாத்தார். கோவமாப் பாத்திருந்தா தாங்கியிருப்பேன். இப்பவாவது சொல்லிருங்க மாமா, ஒண்ணும் கெட்டுப் போகலைங்கிற மாதிரி பாத்தார். காத்துக்கிட்டு நின்னார். நான் தலைக்கு மேல ஓடுத காத்தாடியைப் பாத்தேன். "வீட்டுல ராசான்னு கூப்பிடுவாவ ஐயா"ன்னு சொன்னார். என்னைக் காப்பாத்தினார். நான் அவரைத் தள்ளிவிட்ட குழியில நின்னுக்கிட்டு என்னைத் தூக்கிவிட்டார்.

அந்தத் துவையல் போட்ட மாவை அந்த அம்மா ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினாங்க. பாலாடை இனிப்புக்கு மேல கருப்பட்டிப் பாகு ஊத்தியிருந்தார், அதுல ஒரு கிண்ணம் கூட மிச்சம் இல்ல. "பேத்தி கல்யாணத்துக்கு நீதாம்லே வரணும்"னு அண்ணாச்சி சொன்னார். "சொல்லிவிடுங்க, வாரேன்"னார். "நீ சாப்பிட்டியாலே?"ன்னு அண்ணாச்சிதான் கேட்டார், நான் கேக்கல. "நீங்க சாப்பிடுங்க ஐயா, நான் உள்ள பாத்துக்கிடுதேன்"ன்னு சொன்னார். உள்ள போய், சட்டியில ஒட்டினதைச் சுரண்டி, நின்னுக்கிட்டே சாப்பிட்டார். கதவிடுக்குல நான் பாத்தேன். மறுவீட்டுல முதல் இலையில உக்கார வச்சு நான் என் கையால சொதி ஊத்தின மனுஷன்.

அவங்க கிளம்பின பிறகு அடுக்களைக்குள்ள போனேன். வாசல்படியில நிக்கேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்திட்டார். "மாமா, உப்பு சரியா இருந்துச்சா?"ன்னு கேட்டார். குத்திக் காட்டின மாதிரி இல்ல. நிசமாவே கேட்டார். சமைச்சவருக்கு அது தெரியணும்லா? நான், "கொஞ்சம் கூட"ன்னு சொன்னேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு. நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. தப்புப் பண்ணினவன் தலையைக் குனிய முடியாம, எதிர்ல நிக்கிறவர் மேல ஒரு குறை கண்டுபிடிச்சு வச்சுக்கிட்டேன் போல. சீ.

நீங்க இருட்டுற நேரத்துக்குத் திரும்பி வந்தீங்க. ஒண்ணும் மிச்சம் இல்ல. அடுக்களை மணத்தைப் பாத்து நீ கேட்டதுக்கு, "இன்னைக்குச் சரியா வரல, கொட்டிட்டேன்"ன்னு அவர் உன்கிட்ட சொன்னார். நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? "பெரிய செஃப்பு! எங்க அப்பா வீட்டு அடுப்புகிட்ட தோத்துட்டியா?"ன்னு கேட்டே. அம்மா தோசை ஊத்தினா. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அவர் சிரிச்சாரான்னு நான் பாக்கல, பாக்கத் தைரியம் இல்ல. மறுநாள் அவசர வேலைன்னு சொல்லிட்டு உனக்கு முன்னாலயே ரயில் ஏறினாரே, அதுக்குக் காரணம் ஓட்டல் இல்ல.

இத்தனை நாளும் அவர் உன்கிட்ட வாயைத் திறக்கல. நேத்து நீ திமிருன்னு சொன்ன பிறகும் திறக்கல. ஏன்னு யோசிச்சுப் பாத்தியா? உன் அப்பனை உன் கண்ணுல சின்னவனாக்க அவருக்கு மனசு வரல. அவருக்கு இருக்குத அந்த மனசு எனக்கு இல்லாமப் போச்சே. நீ அவர்கிட்ட சண்டை போடுத ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விழ வேண்டியது. ஒருத்தர் உன் முன்னால பேசாம இருந்தா, தப்பு அவர்கிட்டதான்னு முடிவு கட்டிராதே. அதை மட்டும் என்கிட்டேருந்து நீ கத்துக்கிடலாம். வேற புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

காலையில உங்க அம்மாகிட்ட சொன்னேன். அவ தாளிச்சுக்கிட்டு நின்னா. அடுப்பை அணைச்சுட்டுத் திரும்பினா. "கார் ஓட்டிக்கிட்டுப் போனார்னா சொன்னீங்க?"ன்னு அதையே ரெண்டு தடவை கேட்டா. அப்புறம், "எம் பிள்ளை அன்னைக்கு நான் ஊத்தின தோசையை ஒண்ணுக்கு மேல வேண்டாம்னு எந்திரிச்சுது. உடம்புக்கு ஆகலையோன்னு நான் சுக்கு தட்டிப் போட்டுக் குடுத்தேன். நீங்களும் பக்கத்துல உக்காந்து அந்தச் சுக்குத் தண்ணியை வாங்கிக் குடிச்சீங்களே, உங்களுக்கு உறைக்கலையா?"ன்னு கேட்டா. "போங்க. முதல்ல அண்ணாச்சி வீட்டுக்குப் போங்க. அங்க சொல்லிட்டு வந்து எம் மககிட்ட சொல்லுங்க. அதுக்குப் பிறகு சாப்பாட்டைப் பத்திப் பேசுவோம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

போனேன். பஸ் பிடிச்சுப் புதுக்கோட்டைக்குப் போனேன். அண்ணாச்சி பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். "வா வே, தீபாவளிக்கு மாப்பிள்ளை வாராரா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். கேலி பண்ணுவார்னு நினைச்சேன். கேலி பண்ணிட்டுப் போகட்டும், பரவாயில்லன்னுதான் போனேன். அவர் முகம் கறுத்துப் போச்சு. பேப்பரைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சுட்டார். "உன் வீட்டு மாப்பிள்ளையை நான் ஏலேன்னு கூப்பிட்டேன். எத்தனை தடவை கூப்பிட்டேன்! நீ பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியா? உன் பாவத்துல என்னையும் என் பெண்டாட்டியையும் கூட்டுச் சேத்துட்டியே வே!" அதோட விடல. "எங்க ஐயா பனை ஏறினவரு. வாரவன் போறவன் எல்லாரும் பாக்கட்டும்னுதான் கால்ல தளநார் மாட்டிப் பனையடியில நிக்குத அவர் படத்தை என் சீட்டுக்கு மேல மாட்டியிருக்கேன். அந்தப் படத்துக்குக் கீழதானே நீ காலம் பூரா உக்காந்து எழுதினே? ஒருத்தன் கைவேலையைப் பாத்து வெக்கப்படுறதுக்கா என்கிட்ட சம்பளம் வாங்கினே?"

உக்காருன்னு சொல்லல. காப்பி வரல. வாசல் வரைக்கும் வந்துட்டு, "அந்தப் பிள்ளைகிட்ட நான் எப்படி முழிப்பேன்? அதுக்கு ஒரு வழியைச் சொல்லு, பிறகு என் வீட்டு வாசல்ல மிதி"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார். பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதேன் தாயி. தெரிஞ்சவன் ஒருத்தன் பாத்துட்டு, "அண்ணே, கண்ணுக்கு என்ன?"ன்னு கேட்டான். தூசி விழுந்துட்டுன்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல. "தப்புப் பண்ணிட்டேன், அதான்"ன்னு சொன்னேன். அவன் பஸ் வருதான்னு பாத்துக்கிட்டு நின்னான்.

யாருக்குப் பயந்து மறைச்சேனோ அவருக்கு அது ஒரு குறையாவே படல. அப்ப நான் யாருக்குத்தான் பயந்தேன்? ஊருக்குன்னு இவ்வளவு நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஊர்ல ஒருத்தனும் கேக்கல. என் மகளைக் கட்டினவர் கரண்டி பிடிக்கார்னு எனக்குத்தான் இளக்காரமா இருந்துச்சு. இது என் புத்தி. இதுக்கு ஊரைக் கூட்டு சேக்கக் கூடாது. நிர்வாகம்னு பத்திரிகையில போட்டதும் நான்தான், அச்சாபீஸ்காரன் இல்ல. அவர் வேலையை யாராவது கேட்டா, இனிமேல் நான் சொல்லப் போறது சமையல்னுதான். எடுப்பாச் சொல்ல இன்னும் வரல. இன்னைக்கு வீட்டுக்குள்ள நின்னு சொல்லிப் பாத்தேன், தொண்டையில மாட்டுது. மாட்டினாலும் சொல்லுவேன்.

இப்ப உனக்கு. இதைப் படிச்சு முடிச்சதும் அவர்கிட்ட போய் நீ முதல்ல மன்னிப்பு கேளு, திமிருன்னு சொன்னதுக்கும், அன்னைக்குத் தோத்துட்டியான்னு கேலி பண்ணினதுக்கும். நீ தெரியாமப் பண்ணினது, இருந்தாலும் கேளு. என் சார்பா ஒரு வார்த்தையும் பேசாதே. 'அப்பா பாவம், வயசாயிட்டு'ன்னு சொல்லிராதே. எனக்கு வயசானதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. 'எனக்காக மறந்துரு'ன்னும் சொல்லிராதே, நீ கேட்டா அவர் மறந்துருவார், அது எனக்குத் தெரியும். அப்படி உன் தயவுல தப்பிக்க எனக்கு இஷ்டம் இல்ல. அவர் கோவப்படணும்னா படட்டும். அவருக்கு அந்த உரிமையாவது மிஞ்சட்டும்.

தீபாவளிக்கு வாங்கன்னு இனி அவரை நீ கூப்பிடாதே. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்க வேண்டியவன் மாமனார். நான் போன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, அவர் வரலைன்னதும் விட்டுட்டேன். இந்த வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் ரயில் ஏறுதோம். சனிக்கிழமை காலையில உங்க வாசல்ல நிப்போம். மணி அடிச்சா நீ ஓடி வந்து திறக்காதே. அவர் வந்து திறக்கட்டும். என் முகத்தைப் பாத்ததும் பாசத்துல 'உள்ள வாங்கப்பா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துருவே நீ, உன்னை எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை அப்படிப் பண்ணாதே தாயி. 'உள்ள வாங்க மாமா'ன்னு அவரா சொன்னா வாரேன். சொல்லலைன்னா அம்மா உள்ள வரட்டும், நான் படி இறங்கிக் கீழ தெருவுல நிக்கேன்.

அப்பா